சிப்பாய் வீட்டு நீல எண்

ஜெபகுமார் ஒரு தெருவுக்குள் வண்டியை நிறுத்தினால், சனங்கள் முதலில் பார்ப்பது அவர் முகத்தை அல்ல. வண்டியின் முன்னால் தொங்கும் பெயின்ட் டப்பாவைத்தான். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போடுவதை அப்படியே விட்டுவிட்டு மாடியிலிருந்து குரல் கொடுப்பார்: “யாரு வூட்டுக்குப்பா வந்துக்கினே?”

“மின்கம்பத்துக்கும்மா. கம்பத்துக்கு நம்பர் போட வந்தேன்” என்று ஜெபகுமார் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு மூச்சு வரும்.

அவர் காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டைக்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, தேர்தல் சமயத்தில் சுவரெழுத்துக்காரர்களுக்கு ஏணி பிடிக்கப் போனவர், ஏணியில் ஏறிக்கொண்டார். பிறகு இறங்கவே இல்லை. கட்சிக்காரர்கள் பேனருக்கும் கடைக்காரர்கள் ஃப்ளெக்ஸுக்கும் மாறிப் போனபோது அவருக்கு எண்கள் மட்டும் மிஞ்சின. மின்கம்பத்தின் எண், தெருக்குழாயின் எண், சத்திரத்து அறையின் எண், ஏரி மதகின் எண். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பெயர் எழுதினால் ஆளுக்கொரு நொட்டை சொல்வார்கள். இரண்டை இரண்டாக எழுதியவனை யார் என்ன சொல்ல முடியும்?

“கணக்குல ஃபெயிலான ஆளு ஆயுசு பூரா நம்பர் எழுதியே சோறு துன்றாரு, பாரு” என்பாள் அவர் மனைவி எஸ்தர். சிரிக்காமல் சொல்வாள். அதுதான் அவள் வழக்கம்.

அவருக்கு அந்தக் கெட்ட பெயர் வந்தது சாலை வேலையில்தான். சில வருடங்களுக்கு முன், காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பக்கம் போகும் ஒரு சாலையை அகலப்படுத்த அளவெடுத்தார்கள். டேப் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். எந்த வீடு எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு, அம்புக்குறி போட்டு, எண் எழுதியது ஜெபகுமார். வீட்டுக்காரர்கள் வெளியே வந்து கேட்டார்கள். அளவெடுக்க வந்தவர் அவர் காதில் சொல்லி வைத்திருந்தார்: கூட்டம் சேர்க்காதே, எதையாவது சொல்லி அனுப்பு. அதனால் அவர் எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

“ஒன்னும் ஆவாதும்மா. சும்மா கணக்கெடுக்குறாங்க.”

பொய் என்று தெரிந்து சொன்னாரா? தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. காதில் விழுந்ததை வாயால் இறக்கி வைத்தார், அவ்வளவுதான். நம்மில் எத்தனையோ பேர் வேலையிடத்தில் அதைத்தானே செய்கிறோம்?

பிறகு ஜேசிபி வந்தது. கோடு போட்ட இடத்தில் கோடு போட்ட மாதிரி இடித்திருந்தால்கூட ஊர் மறந்திருக்கும். ஆனால் இயந்திரம் முன்சுவரைப் பிடித்து இழுத்த இழுப்பில், பழைய வீடுகளில் பின்கட்டுவரை ஆட்டம் கண்டது. ஒரு வீட்டில் சமையலறைச் சுவர் மேலிருந்து கீழே இரண்டாகப் பிளந்தது. அடுப்பில் சோறு இருந்ததாம். அதன்மேல் காரை கொட்டியதாம். அன்றைக்கு ஊர் ஒரு பாடம் படித்தது. சுவரில் எண் விழுந்தால் இயந்திரம் வரும்வரை காத்திருக்காதே. நீயே ஆள் வைத்து முன்பக்கத்தைப் பதமாக இடித்துவிடு. நிலைவாசலைக் கழற்றி வைத்துக்கொள். கட்டையும் கல்லும் மிஞ்சும், பாதி வீடாவது நிற்கும்.

ஜெபகுமாருக்கும் அன்றைக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. டீக்கடையில் பழனி என்பவன்தான் முதலில் கூப்பிட்டான்: “வாங்க, ஜேசிபி ஜெபா!” பிறகு ஊரே கூப்பிட்டது. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் கலையரசி அவரைத் தேடி வந்தாள்.

செவிலிமேட்டுப் பெண். அப்பா கொத்தனார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கட்டடக்கலை படித்து முடித்து, ஒரு அறக்கட்டளையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காஞ்சிபுரத்தில் கோயில்களைப் பார்க்க ஆள் இருக்கிறது. பழைய வீடுகளையும் சத்திரங்களையும் பார்க்க யாரும் இல்லை. எது எது காப்பாற்ற வேண்டிய கட்டடம் என்று தெருத் தெருவாகக் குறித்துக்கொண்டால், பின்னால் பழுது பார்க்க உதவி கேட்கலாம், இடிக்க விடாமல் தடுக்கலாம் என்பது அவர்கள் வேலை. வீட்டுக்கு வீடு பித்தளைத் தகடு பதிப்பதாகத்தான் முதலில் பேச்சு. தகடு வந்து சேரவில்லை. அதுவரைக்கும் பெயின்டில் எண் போட்டு வையுங்கள் என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

“சிவப்பு வேணாம்ணா” என்றாள் கலையரசி. “நீலம் வெச்சுக்கலாம். அப்புறம், சுண்ணாம்புச் சுவர் மேல ஒரு சொட்டு படக்கூடாது. கரன்ட் மீட்டர் பலகை இருக்கும்ல, அதுல மட்டும் எழுதுங்க.”

“அப்போ இந்த நம்பர் போட்டா இடிக்க மாட்டாங்களா?”

“இடிக்கக் கூடாதுன்னுதான்ணா போடுறோம்.”

ஜெபகுமார் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்று இரவு சாப்பிடும்போது எஸ்தரிடம் அதையே சொன்னார்.

“இந்த வாட்டி நான் எழுதுனா வூடு நிக்கும்.”

“நல்லா இருக்குது. போலீஸ்காரனே திருடனுக்கு ஜாமீன் போட்ட கதை.” எஸ்தர் ரசத்தை ஊற்றினாள். ஆனால் காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். சுவரெழுதப் போகும் சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் முழுக்க ஜெபகுமார் ஒரு மாப்பிள்ளையைப் போலத் திரிந்தார். நாடா பிடித்து மூலைமட்டம் பார்த்து, மீட்டர் பலகையைத் துணியால் துடைத்து, சின்னத் தூரிகையால் ஒவ்வொரு எண்ணையும் கோலம் போடுவது மாதிரி எழுதினார். சனிக்கிழமை அவர்கள் பந்தல்காரத் தெருவுக்கு வந்தார்கள்.

அந்தத் தெருவில் ஒரு வீடு உண்டு. சிப்பாய் வீடு என்று சொன்னால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுவந்து விடுவார். இரண்டு மாடி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் சுதையில் செய்த ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பான். அவன் பக்கத்தில் தம்பூரா மீட்டும் ஒரு பெண். அவனுக்கு அவளைக் காவல் காக்கும் வேலையா, அவள் பாட்டைக் கேட்கும் வேலையா என்று தெருவில் யாருக்கும் தெரியாது. கீழே வளைவுகள்மேல் கிளிகள், கிளிகளின் வாயில் சுண்ணாம்புப் பூமாலை. முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகிய பூச்சு. இன்றைக்கும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். நெல் வியாபாரி ஒருவர் கட்டிய வீட்டை, திருப்புட்குழியில் நிலம் வைத்திருந்த குடும்பம் ஒன்று வாங்கியது. அந்தக் குடும்பத்து மருமகள் செல்லியம்மாள்தான் இப்போது வீட்டுக்குப் பெரியவர். மகன் வரதராஜன் அரிசி மண்டி வைத்திருந்தார். அவர் கல்யாணத்துக்கு அந்தச் சிப்பாயின் மீசைக்குக் கறுப்பு அடித்தது ஜெபகுமார்தான்.

கலையரசி அந்த வீட்டுக்கு எதிரில் நின்றுவிட்டாள். படம் எடுக்கக்கூட மறந்து நின்றாள்.

“அண்ணா, இந்தத் தெருவுல இது ஒன்னு இருந்தாப் போதும். இதுக்காகவே தெருவ காப்பாத்தலாம்.”

செல்லியம்மாள் வெளியே வந்தார். அவர் பார்வை பெண்ணின் மேல் விழவில்லை. பெயின்ட் டப்பாவின் மேல் விழுந்தது.

கலையரசி கைகட்டி நின்று, தான் பாடம் படித்த மொழியில் விளக்கினாள். பாரம்பரியக் கட்டடங்கள் என்றாள். ஆவணப்படுத்துகிறோம் என்றாள். முதல்கட்டக் கணக்கெடுப்பு என்றாள். தவறாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் பேசப் பேச செல்லியம்மாளின் முகம் கெட்டியாகிக்கொண்டே போனது. கடைசியில் அவர் ஜெபகுமாரைப் பார்த்தார்.

“இன்னாப்பா சொல்லுது இந்தப் பொண்ணு?”

ஜெபகுமாருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பல வீடுகள் பாக்கி இருந்தன, மனம் வேறு சந்தோஷத்தில் மிதந்தது. நாக்கு தனக்குப் பழகிய பாதையிலேயே போனது.

“ஒன்னும் ஆவாதும்மா. சும்மா கணக்கெடுக்குறாங்க.”

செல்லியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“சரிப்பா. புரிஞ்சிது. எழுதிக்கோ.”

மீட்டர் பலகையில் முப்பத்தேழு என்று நீலத்தில் எழுதினார் ஜெபகுமார். அந்த வாரம் எழுதியதிலேயே அழகான முப்பத்தேழு அது. இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, ஏழின் வாலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சிட்டிபாபு வந்தான். அதே ஊர்க்காரன். பழைய வீடுகளை இடித்து, கட்டை, கதவு, செங்கல்லைப் பிரித்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு.

“அண்ணே, உங்க பெரிய ஏணி வேணும். அர்ஜென்ட் வேலை ஒன்னு மாட்டிக்கினுது.”

“ஞாயித்துக்கிழமையில இன்னாடா வேலை?”

“பார்ட்டி ஒத்தக் கால்ல நிக்குது. இன்னிக்கே ஆவணுமாம். நல்ல நாளாம்.”

“ஜாக்கிரதைடா, மேல் படி ஒன்னு ஆடுது” என்று சொல்லி ஜெபகுமார் ஏணியை எடுத்துக் கொடுத்தார். எந்த இடம் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன? இந்த ஊரில் தினம் ஏதோ ஒன்று இடிகிறது. பிரசங்கம் முடியும்வரை அவருக்கு அந்த ஏணியின் நினைவே வரவில்லை.

திங்கட்கிழமை காலை, விட்டுப்போன வீடுகளை முடிக்கப் பந்தல்காரத் தெருவுக்குத் திரும்பினார். முனையிலேயே கண் எரிந்தது. தெரு முழுக்க வெள்ளைத் தூசி. யாரோ புகை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வண்டியை உள்ளே விட்டார்.

முதலில் தெரிந்தது ஏணி. சாய்த்து வைத்திருந்த சுவர் முடிகிற இடத்தில் வானம் இருந்தது.

அது தன் ஏணி என்று தெரிந்தது. மேல் படிக்குக் கீழே தன் கையால் எழுதிய ‘ஜெ’ தெரிந்தது. ஆனால் அது எந்த வீட்டின்மேல் சாய்ந்திருக்கிறது என்று புத்திக்கு உடனே எட்டவில்லை. வலது பக்கத்து வீட்டைப் பார்த்தார். இடது பக்கத்து வீட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டியதை எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேல் மாடி இல்லை. சிப்பாய் இல்லை, தம்பூராக்காரி இல்லை. வளைவுகள் இருந்த இடத்தில் செங்கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. குவிந்து கிடந்த காரைக் கட்டிகளுக்கு நடுவே ஒரு கிளியின் கழுத்து மட்டும் கிடந்தது. கீழ்ச்சுவரில் பாதியும் மீட்டர் பலகையும் நின்றன. பலகையில் நீல முப்பத்தேழு அலுங்காமல் பளபளத்தது.

வாசல் நிலையைப் பத்திரமாகக் கழற்றி எதிர்ச்சுவரில் சாய்த்திருந்தார்கள். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூவும் சுற்றியிருந்தார்கள். குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது.

ஜெபகுமார் வண்டியை ஸ்டாண்டு போடாமலே இறங்கினார். அது பொத்தென்று சாய்ந்தது. நீலப் பெயின்ட் டப்பா உருண்டது. மூடி இறுக்கமாக இருந்ததால் கொட்டவில்லை.

“டேய் சிட்டி! டேய்! இன்னாடா இது?”

மேலே நின்ற சிட்டிபாபு தூசிக்கு மூக்கைக் கட்டியிருந்த துண்டை இறக்கினான். “வாங்கண்ணே! ஏணி நல்லா ஒத்தாசையா இருந்திச்சு. அந்தப் பொம்மையத்தான் முழுசா இறக்கலாம்னு பார்த்தோம். உள்ள கம்பி துருப்புடிச்சுப் போயி, தொட்டதும் பொடி பொடியாப் போயிடுச்சு.”

“யாருடா இடிக்கச் சொன்னது?”

“வூட்டுக்காரங்கதான். வேற யாரு சொல்லுவா?”

பின்கட்டிலிருந்து செல்லியம்மாள் வந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. கையில் ஒரு தூக்குச் சட்டி, வேலையாட்களுக்கு மோர். ஜெபகுமாரைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

“வாப்பா ஜெபா. நீ நல்லா இருக்கணும்.”

“அம்மா...”

“எங்க அக்கா வூடு ஞாபகம் இருக்குதா உனக்கு? தெக்கால ரோட்டு மேல. சமையக்கட்டுச் சுவரு பொளந்துகினு சோத்து மேல கொட்டுச்சே, அந்த வூடு. அவகிட்டயும் இதே வார்த்தைதான் சொன்னே நீ. ஒன்னும் ஆவாதும்மா, சும்மா கணக்கெடுக்குறாங்கன்னு. பாவம், அவளுக்குப் புரியல. நம்பிக்கினு உக்காந்துட்டா.” செல்லியம்மாள் குரலைத் தாழ்த்தினார். “ஆபீஸ்காரப் பொண்ணு பக்கத்துல நிக்கிறப்போ நீ வேற இன்னா சொல்ல முடியும்? அதே வார்த்தைய அப்படியே எனக்கும் சொன்னே பாரு, அப்பவே புரிஞ்சிக்கினேன். குறிப்பு காட்டுறான் புள்ளன்னு. ராத்திரியோட ராத்திரியா வரதனக் கிளப்பி ஆளு சொன்னேன். ஞாயித்துக்கிழமை எந்த ஆபீஸும் கிடையாது, எவனும் வந்து நிறுத்த மாட்டான். மெஷின் வர்றதுக்குள்ள முன்கட்ட எறக்கிட்டோம். பின்கட்டு நூல் பிசகாம நிக்குது, வந்து பாரு. மோரு குடி.”

அவரே மோரை ஊற்றி நீட்டினார். ஜெபகுமாரின் கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் அவருக்கு நன்றி என்று யாரும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறார்கள். தம்ளரைப் பிடித்தபடி நின்றார். வாயைத் திறந்தார். சொல்வதற்கு வார்த்தை தேடினால் அதே வார்த்தைதான் வந்து நின்றது. நிஜமாகவே ஒன்றும் ஆகாதம்மா, நிஜமாகவே சும்மா கணக்குதான். அன்றைக்குப் பொய்யாக இருந்தது இன்றைக்கு உண்மையாக இருந்தது. இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்தால் பாவம், அவர் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்?

அப்போதுதான் எதிர்ப்பக்கம் ணங் என்று ஒரு சத்தம்.

இரண்டு வீடு தள்ளி, கலைவாணன் வீட்டு மாடியில் அவரே கடப்பாரையோடு நின்றார். எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். கைப்பிடிச் சுவரின் மூலையில் முதல் குத்து குத்தியிருந்தார். அவர் வீட்டிலும் நீல எண் இருந்தது. அதற்கு அடுத்த வீட்டில் பெண்கள் சேர்ந்து சாமான்களைப் பின்னால் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடியில் ஒருவர் போனில், “ஜல்லிக் கூடை இருந்தா எத்தினியானாலும் அனுப்புப்பா” என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு வீடு விழுந்ததைப் பார்த்துவிட்டுத் தெருவே எழுந்துவிட்டது.

ஜெபகுமார் மோரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

“சார்! கலைவாணன் சார்! நிறுத்துங்க! இது ரோட்டு நம்பர் இல்ல சார்! இடிக்க மாட்டாங்க!”

கலைவாணன் குனிந்து பார்த்தார். “ஓ! ஜேசிபி சாரா? ஒன்னும் ஆவாதுன்றீங்க?”

“ஆமா சார்! ஒன்னும் ஆவாது!”

“சும்மா கணக்கெடுக்குறாங்க?”

தெருவே சிரித்தது. அவ்வளவு பயத்திலும் சிரித்தது. கலைவாணன் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டு மறுபடி கடப்பாரையை ஓங்கினார்.

“சார், கலரைப் பாருங்க சார்! நீலம்! ரோட்டுக்கு சிவப்புதான அடிப்பாங்க?”

“சிவப்பா இருந்தா இன்னா, நீலமா இருந்தா இன்னாய்யா? கை யாருது?”

இந்தச் சமயத்தில்தான் கலையரசி பஸ் இறங்கி, தோளில் பையோடு தெருவுக்குள் வந்தாள். சிப்பாய் வீட்டைப் பார்த்தாள். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “தெரு மாறி வந்துட்டேனா?” என்று யாரையோ கேட்டாள். பிறகு கடப்பாரைச் சத்தம் கேட்டு எழுந்து, அவளும் கத்த ஆரம்பித்தாள். பாரம்பரியம் என்றாள், பாதுகாப்பு என்றாள். யார் காதிலும் ஏறவில்லை. ஏறுவதற்கு அது அந்தத் தெருவின் பேச்சாகவே இல்லை. இதை அவளே நடுவில் உணர்ந்து, பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டாள்.

ஜெபகுமார் வண்டிப் பெட்டியைத் திறந்தார். தின்னர் பாட்டிலை எடுத்தார், துணியை எடுத்தார். நேரே கலைவாணன் வீட்டு மீட்டர் பலகைக்குப் போய், எண்ணின்மேல் தின்னரை ஊற்றித் தேய்த்தார்.

“அண்ணா! என்ன பண்றீங்க?” கலையரசி ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஒரு வாரமா போட்ட நம்பர்ணா! அழிச்சீங்கன்னா இந்த வீடு கணக்குல இருக்காது!”

“கணக்குல இருந்து வூடு போவுறதா, கணக்குல இல்லாம வூடு நிக்கிறதா? எதும்மா வேணும் உனக்கு?”

அவள் கையை விட்டுவிட்டாள்.

நீலம் கரைந்து வழிந்தது. மேலே சத்தம் நின்றது. கலைவாணன் படியிறங்கி வந்து, துடைத்த பலகையைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. கிட்டத்தில் வந்து, மரியாதையான குரலில் கேட்டார்.

“யாரைப் புடிச்சே?”

“சார்?”

“போட்ட நம்பரை அழிக்கிறதுன்னா சும்மாவா? யாரு மூலமா ஆச்சு?”

ஜெபகுமார் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கடப்பாரை இன்னும் கலைவாணன் கையில் இருந்தது.

“பெரிய எடம் சார்” என்றார்.

“அதான பார்த்தேன்!” கலைவாணன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏம்பா! பெரிய எடத்துல பேசி முடிச்சிட்டாங்களாம்! நிறுத்துங்கப்பா எல்லாரும்!”

அவ்வளவுதான். பின்னால் போன சாமான்கள் முன்னால் வர ஆரம்பித்தன. கூடை கேட்டவர் கூடை வேண்டாம் என்றார். உண்மையைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியபோது மயிரளவும் அசையாத தெரு, ஒரு பொய்க்குக் கட்டுப்பட்டுக் கடப்பாரைகளைக் கீழே வைத்தது. கலையரசி நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தான் படித்தது எதுவும் இதில் எந்தப் பக்கத்திலும் இல்லையே என்று அவள் திகைத்தாளா, அல்லது தானும் இந்த ஊரில்தானே வளர்ந்தோம், இது எப்படித் தெரியாமல் போனது என்று திகைத்தாளா?

ஜெபகுமார் நிற்கவில்லை. வீடு வீடாக ஓடி அழித்தார். வரிசையில் அழித்துக்கொண்டே வந்தவர், கை போன வேகத்தில் சிப்பாய் வீட்டுப் பலகையையும் துடைத்துவிட்டார். முப்பத்தேழு போன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார்.

செல்லியம்மாள் அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஏம்பா, பெரிய எடத்துல நேத்தே பேசியிருக்கக் கூடாதா?”

இங்கேயும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த அம்மா, புத்திசாலித்தனமாகத் தப்பித்தோம், கொஞ்சம் அவசரப்பட்டோம் என்று நினைத்தபடியே மிச்ச காலத்தைக் கழித்திருப்பார். ஜெபகுமார் தின்னர் நாறும் துணியைக் கீழே போட்டார்.

“பெரிய எடமும் கிடையாது, ஒன்னும் கிடையாதும்மா. ரோடு வரல. மெஷின் வரல. இந்த வூட்ட யாரும் இடிக்கக் கூடாதுன்னுதான் அந்த நம்பர் போட்டாங்க. ஊருலயே நல்ல வூடுன்னு எடுத்தாங்கம்மா. நான்தான்... உங்ககிட்ட வெளங்கச் சொல்லல.”

செல்லியம்மாளுக்கு அது உடனே உள்ளே போகவில்லை. கேள்விகளைப் பிஞ்சுக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“ரோடு வராதா?”

“வராதும்மா.”

“மெஷினு?”

“வராது.”

“அப்போ இடிச்சிருக்கவே வேணாமா?”

செல்லியம்மாள் திரும்பி மேலே பார்த்தார். சிப்பாய் நின்ற இடத்தைப் பார்க்கக் கழுத்து பழகிய உயரத்துக்குப் போனது. அங்கே வெறும் வெளிச்சம். அவர் வாய் லேசாகத் திறந்தது. கையிலிருந்த தூக்குச் சட்டி சாய்ந்து, மோர் காரைக்குவியல்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. மகன் வரதராஜன் ஓடிவந்து தாங்கிப் பிடிக்கப் பார்த்தார்.

“வுடு” என்றார் அவர். “சிட்டிபாபு, எறங்கு. போதும்.”

அவர் திட்டுவார் என்று ஜெபகுமார் காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவர் திட்டவில்லை. நின்றிருந்த கீழ்ச்சுவரின் பக்கம் போய், இன்னும் மிச்சமிருந்த அந்தச் சில்லென்ற பூச்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு கலையரசியைக் கூப்பிட்டார்.

“பொண்ணே, இங்க வா. மிச்சம் இருக்குறதுக்கு உன் நம்பரு செல்லுமா?”

“தெரியலம்மா” என்றாள் கலையரசி. “முன்பக்கம் போயிடுச்சுன்னா கணக்குலேர்ந்து எடுத்துடுவாங்கன்னுதான் நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கிறேன். சண்டை போட்டுப் பார்க்கிறேன். செல்லும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“சரி. சனிக்கிழமையே இப்படி வெளங்கப் பேசியிருந்தா...” செல்லியம்மாள் முடிக்கவில்லை. ஜெபகுமாரைப் பார்த்தார். “எழுதுப்பா. செல்லுறது செல்லாதது அப்புறம். எழுது.”

ஜெபகுமார் உருண்டு கிடந்த டப்பாவை எடுத்தார். மூடியை நெம்பித் திறந்தார். தூரிகையை நனைத்துப் பலகைக்கு நேராக உயர்த்தினார். அதே நொடியில் எதிர் மாடியிலிருந்து ஒரு பெண்குரல் கிறீச்சிட்டது.

“ஏங்க! சீக்கிரம் வாங்க! அந்த ஆளு திரும்ப எழுதுறாரு!”

தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த கலைவாணன் எழுந்தார். சாய்த்து வைத்த கடப்பாரையின் பக்கம் அவர் கண் போனதை ஜெபகுமார் பார்த்தார். தூக்கிய கையை அப்படியே நிறுத்தினார். தூரிகை நுனியிலிருந்து நீலம் சொட்டி அவர் செருப்பின்மேல் விழுந்தது.

தூரிகையைக் கலையரசியிடம் நீட்டினார்.

“நீ எழுதும்மா.”

“எனக்கு இதெல்லாம் எழுத வராதுண்ணா.”

“அதான் வேணும். என் கை வேணாம்.”

அவள் வாங்கிக்கொண்டாள். நாடா பிடிக்கவில்லை, மூலைமட்டம் பார்க்கவில்லை. மூன்று ஒரு பக்கம் சாய்ந்தது. ஏழு பலகையை விட்டு இறங்கப் பார்த்தது. எழுதிக்கொண்டே, எதற்காக எழுதுகிறாள் என்பதைச் செல்லியம்மாளுக்குச் சத்தமாகச் சொன்னாள். தடுமாறித் தடுமாறி, செவிலிமேட்டில் தன் அம்மாவிடம் பேசுகிற பேச்சில் சொன்னாள். தெருவில் ஒன்றிரண்டு பேர் கிட்டே வந்து நின்று கேட்டார்கள். கலைவாணன் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஜெபகுமார் போய்த் தன் ஏணியைச் சுவரிலிருந்து பிரித்தார். தூக்கித் தோளில் வைத்தபோது அதன் படிகளிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவர் இஸ்திரிச் சட்டையின்மேல் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.